முதலியார்பேட்டையில் சிங்கம்

சிங்கத்தின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது புதுச்சேரி முதலியார்பேட்டையில், பாயில் படுத்துக்கொண்டு. 1985-ஓ 86-ஓ இருக்கும். கோடை விடுமுறை. இரண்டாம் ஆட்டம் விட்டு ஜனமெல்லாம் வீடு போய்ச் சேர்ந்து, தெரு அடங்கின பிறகு கடலூர் சாலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். பாடப்புத்தகத்தில் கர்ஜனை என்று படித்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கனத்த இரும்பு பீரோ ஒன்றை யாரோ சிமெண்ட் தரையில் இழுப்பதும் நிறுத்துவதுமாக இருக்கிற மாதிரி. ஆயா எழுந்து போய்த் தாழ்ப்பாளை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். "அவன் கூண்டைப் பூட்டினானோ இல்லியோ, நாம பூட்டிக்குவோம்."

சர்க்கஸ் இறங்குகிற ஏ.எஃப்.டி. மில் திடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பழைய ஆட்களுக்கு அது ரோடியர் மில். 1898-இல் தொடங்கியது, 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அரசாங்கம் மூடிவிட்டது. அப்பா அங்கே தறி ஓட்டினார். மில் சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார், சர்க்கஸ் பேண்டு ஊதினால் நாங்கள் கிளம்புவோம். லாரிகள் வந்து இறங்கின அன்றைக்கே தெருவில் கணக்கெடுப்பு ஆரம்பித்துவிடும்: யானை எத்தனை, புலி எத்தனை, நீர்யானை உண்டா இல்லையா. ஜீப்பிலிருந்து நோட்டீஸ் பறக்கும். ராத்திரியானால் சர்ச் லைட் ஒன்று வானத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும். அரியாங்குப்பத்து மாமா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்.

சிங்கத்துக்குத் தீனியாகத் தெருநாயைப் பிடித்துக் கொடுத்தால் ஒரு பாஸ் கிடைக்கும் என்று பையன்களுக்குள் பேச்சு. எந்த ஊரில் சர்க்கஸ் இறங்கினாலும் இந்தப் பேச்சும் கூடவே வந்து இறங்கும் என்பது பிற்பாடு வெளியூர் நண்பர்களிடம் கேட்டபோது தெரிந்தது. சில ஊர்களில் நாய்க்குப் பதில் கிழட்டுக் கழுதை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாரம் பார்த்து எங்கள் தெரு நாய் மணியைக் காணோம். எதிர்வீட்டுப் பையன் பால்கனி டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்ததாகப் பீற்றிக்கொண்டிருந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவனோடு காய் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு காது கிழிந்து மணி திரும்பி வந்தான். காய் விட்டது விட்டதுதான்.

நாங்கள் உட்கார்ந்தது காலரியில். பலகைக்கும் பலகைக்கும் நடுவே செருப்பு விழுந்தால் போனது போனதுதான். பார் விளையாட்டு, மரணக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள், கால்சட்டை அவிழ்ந்து விழும் கோமாளி எல்லாம் வரிசையாக நடந்தன. எனக்கு நினைவில் தங்கினது ஒரு பெண். என் வயசுதான் இருப்பாள். உருளை மேல் பலகை, பலகை மேல் அவள், அவள் நெற்றியில் ஒரு கழி, கழி நுனியில் கண்ணாடி டம்ளர்கள். எல்லாம் முடித்து, வணக்கம் போட்டுவிட்டு இறங்கிப் போகும்போது, திரைக்குப் பின்னால் மறைவதற்கு முந்தின நொடியில் தோளைப் பறக்கப் பறக்கச் சொறிந்துகொண்டாள். அந்த ஜிகினாச் சட்டை அரித்திருக்க வேண்டும். கைதட்டிக்கொண்டிருந்த யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கும் தீபாவளிக்கு அப்படியொரு சட்டை எடுத்திருந்தார்கள், அதனால் கண்ணில் பட்டது.

கடைசியில் சிங்கம். சுற்றிலும் கம்பி வலை, உள்ளே ஆறு முக்காலிகள், ரிங் மாஸ்டர் கையில் சவுக்கு. சவுக்கு எந்தச் சிங்கத்தின் மேலும் படவில்லை, தரையில்தான் சொடுக்கினார். அப்பா என் காதில், "பாரு, அடிக்கவே இல்ல. எல்லாம் பாசத்துல பழக்கினது" என்றார். அடி விழுகிற நேரம் வேறாக இருக்கும் என்று யோசிக்கிற வயசு எனக்கு இல்லை. அப்பாவுக்கு இருந்தது.

மறுநாள் மத்தியானம், ஆட்டமில்லாத நேரத்தில், சித்தப்பா மகனும் நானும் கூடாரத்துப் பின்பக்கம் போனோம். யாரும் விரட்டவில்லை. ரிங் மாஸ்டர் பனியனோடு உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். கூண்டு என்பது ஒரு வண்டிப் பெட்டி. உள்ளே சிங்கம் மூன்று எட்டு வைக்கும், திரும்பும், மூன்று எட்டு. திரும்புகிற இடத்தில் கம்பியில் உரசி உரசிப் பிடரி ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. நாங்கள் எண்ணினோம். நூறு வரைக்கும் எண்ணிவிட்டு அலுத்துப் போய் யானைகளிடம் போனோம். நாலு யானை, ஆளுக்கொரு முளையில். நாலும் ஆடிக்கொண்டிருந்தன. தலையை இடது, வலது, இடது; முன்கால் ஒன்று தூக்கி ஒன்று வைத்து. வீட்டுக்கு வந்து, "பேண்டே இல்லாம யானை டான்ஸ் ஆடுதுப்பா" என்றேன். "பழகிப் போச்சுன்னா அப்படித்தான்டா. அதுக்குள்ளேயே பாட்டு ஓடும்" என்றார். எவ்வளவு அழகான பதில்! இருபத்தைந்து வருஷம் அதை வைத்துக்கொண்டு சமாளித்தேன்.

இந்தியச் சர்க்கஸின் கதையை நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்சம் உரிமையோடு கேட்கலாம். விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர், சமஸ்தானத்துக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர், பம்பாயில் கியாரினி என்ற இத்தாலியக்காரரின் சர்க்கஸைப் பார்த்துவிட்டு, நம்மாலும் முடியும் என்று 1880-இல் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தொடங்கினார். குதிரை அவரிடம் இருந்தது, அந்தரத்தில் பறக்கிற ஆள் இல்லை. ஆள் கிடைத்த இடம் தலச்சேரி. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற களரி ஆசான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், 1901-இல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளியே வைத்தார். அதற்கப்புறம் இந்தியாவில் ஓடின பெரிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் தலச்சேரி ரத்தம்தான். ஜெமினி சங்கரன் அந்த வரிசையில் வந்தவர். 1951 ஆகஸ்ட் 15-இல் குஜராத்தின் பிலிமோராவில் முதல் ஆட்டம் போட்டு, கடைசியில் 2023-இல் போய்ச் சேர்ந்தார். ராஜ்கபூர் கோமாளி வேஷம் கட்டின 'மேரா நாம் ஜோக்கர்' படத்தில் வருவது அவருடைய ஜெமினி சர்க்கஸ்.

தலச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் மாஹே. மாஹே யாருடையது? நம்முடையது, பிரெஞ்சுக்காரர்கள் நம்மோடு சேர்த்து ஆண்ட ஊர். 600 கிலோமீட்டர் தள்ளி மலையாளக் கரையில் இருந்தாலும் வண்டி நம்பர் பி.ஒய். 03. அந்தரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகிற வித்தையைக் கண்டுபிடித்தவரும் பிரெஞ்சுக்காரர்தான்: ஜூல் லியோதார். அவருடைய அப்பா துலூஸ் நகரத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். மகன் அங்கே நீச்சல் குளத்துக்கு மேலே பார் கட்டித் தாவிப் பழகி, 1859-இல் பாரிஸ் மேடைக்குப் போனார். ஒட்டினாற்போலப் போடுகிற சர்க்கஸ் உடுப்புக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்த உடுப்பு அரிக்குமா என்று தெரியவில்லை.

மிருகங்கள் கூடாரத்தை விட்டுப் போனது ஒரே நாளில் நடந்ததில்லை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே, எந்தெந்த விலங்கை வேடிக்கைக்குப் பழக்கக் கூடாது என்று அரசாங்கம் அறிவிக்கலாம் என்று 22-ஆம் பிரிவு இருந்தது. முப்பது வருஷம் அது சும்மா தூங்கியது. 1991-இல் ஒரு அறிவிப்பு வந்தது, வழக்கில் சிக்கியது. 1998 அக்டோபரில் மறுபடி வந்தது: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்று ஐந்து. சர்க்கஸ் முதலாளிகள் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே 2000 ஜூனில் தோற்றார்கள். கூண்டில் அடைபட்டு, பசியிலும் பயத்திலும் பழக்கப்படும் இந்த வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, உரிமை என்பது மனுஷனுக்கு மட்டும்தானா என்று நீதிபதிகள் கேட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2001 மே 1-ஆம் தேதி அதை உறுதிசெய்தது. மே தினம். கூடாரத்தில் வேலை பார்த்தவர்களில் ரொம்பப் பேருக்கு அது வேலை போன மே தினம்.

சரி, அந்தச் சிங்கங்கள் எங்கே போயின? வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னர்கட்டா மாதிரி இடங்களில் மீட்பு மையங்கள் வைத்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். காட்டுக்கு அனுப்ப முடியாது, வேட்டை தெரியாது. அதோடு சர்க்கஸ்காரர்கள் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கிர் சிங்கத்தையும் இஷ்டத்துக்குச் சேர்த்துவிட்டதில் பிறந்த கலப்புகள் நிறைய. ஆகவே குட்டி போட விடக்கூடாது. சாகிற வரைக்கும் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். முதலியார்பேட்டையில் என் தூக்கத்தைக் கெடுத்த குரலின் வம்சம் அப்படித்தான் எங்கேயோ ஒரு மையத்தில் ஓய்ந்திருக்கும். எனக்கு இதில் வருத்தமில்லை. நூறு தடவை எண்ணினவன் நான்.

தடை செய்யப்பட்ட அந்த ஐந்தில் யானை இல்லை, கவனித்தீர்களா? யானை இன்னும் பல வருஷம் கூடாரத்தில் முக்காலி மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. பிறகு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சர்க்கஸ்களின் அங்கீகாரத்தை ஒவ்வொன்றாக ரத்து செய்த பிற்பாடுதான் அதுவும் இறங்கியது. ஜிகினாச் சட்டைப் பெண்ணுக்குச் சட்டம் வந்து சேர யானையைப் போலவே காலம் பிடித்தது. சர்க்கஸில் குழந்தைகளை வைத்து வேலை வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011 ஏப்ரலில். சிங்கத்துக்குச் சொல்லி பத்து வருஷம் கழித்து! நேபாளத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரப்பட்ட சிறுமிகள் பற்றியெல்லாம் அந்த வழக்கில் வந்தபோது, உருளை மேல் நின்றவள் எந்த ஊர்க்காரியாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். 'லைஃப் ஆஃப் பை' படம் வந்த பிற்பாடு, தாவரவியல் பூங்கா வாசலில் வெளியூர்க்காரர்கள் என்னிடமே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள், "புலி இருக்கிற ஜூ எந்தப் பக்கம்?" என்று. யான் மார்ட்டெல் தன் நாவலில் பாண்டிச்சேரிப் பூங்காவுக்குள் ஒரு மிருகக்காட்சி சாலையை வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் போட்ட பூங்கா அது. நமக்கு அங்கே மரங்களும் குழந்தைகளுக்கு ரயிலும்தான். படத்தில் வருகிற புலி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரைந்தது என்பதால் நிம்மதியாகப் பார்த்தோம். ஆனால் சில காட்சிகளுக்கு நிஜப் புலியையும் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று தண்ணீர்த் தொட்டியில் மூழ்கப் பார்த்ததாக 2013-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. வரைந்த புலிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு நனைந்த புலி.

அந்தப் படம் வருவதற்கு முந்தியே, என் மகளுக்கு நாலு வயசு இருக்கும்போது, மணக்குள விநாயகர் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லட்சுமியைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் யானை. 1990-களின் நடுவில் குட்டியாகக் கோயிலுக்கு வந்தாள். காலில் வெள்ளிக் கொலுசு. அருகம்புல்லையோ வாழைப்பழத்தையோ நீட்டினால் வாங்கிக்கொள்வாள், சில்லறை கொடுத்தால் பாகனிடம் கொடுத்துவிட்டு நம் தலையில் துதிக்கை வைப்பாள். சாமி கும்பிட வராதவர்கள்கூட அதற்காக வருவார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று ஆசீர்வாதம் வாங்கிப் படம் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குக் கூட்டம் கம்மி. தலையை இடது, வலது, இடது என்று ஆட்டிக்கொண்டு நின்றாள். மகள் என் தோளிலிருந்து கத்தினாள்: "அப்பா, யானை டான்ஸ் ஆடுது!"

நாலு முளையும் நாலு யானையும் ஞாபகம் வந்தன. "ஆமா கண்ணு" என்றேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் ஊருக்கு வெளியே ஒரு சின்ன சர்க்கஸ் வந்திருந்தது. சின்ன என்றால் ரொம்பச் சின்ன. பாதிக் காலரி காலி. பார், சைக்கிள், நாற்காலி அடுக்கு, ஒரு கோமாளி. விலங்கு என்று எதுவும் கிடையாது. இடைவேளையில் டீ குடிக்க வெளியே வந்தால் கோமாளியும் டீ குடித்துக்கொண்டிருந்தார், மூக்கில் சிவப்புப் பந்தைக் கழற்றிக் காதில் மாட்டிக்கொண்டு. அறுபது வயசுக்கு மேல். ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருந்தது. நான் பாண்டிச்சேரி என்றதும், "ஞானும் பாண்டிச்சேரி தன்னே" என்றார். நம்பவில்லை என்றதும் பைக்குள்ளிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினார். மாஹே.

இருபது வருஷம் பாரில் பிடிக்கிற ஆளாக இருந்தவர். தாவி வருகிறவனுக்குத்தான் கைதட்டல், பிடிக்கிறவனுக்குத் தோள்வலி என்றார். இப்படித் தலைகீழாகத் தொங்கிப் பிடித்தவர்களுக்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த டீ சொன்னார். யானை, புலி எல்லாம் இருந்த பழைய கம்பெனியைப் பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு சூடு பிடித்தது.

"யானைக் கொட்டாய்க்குப் பக்கத்துலதான் எட்டு வருஷம் படுத்தேன் சார். ராத்திரி பூராச் சங்கிலிச் சத்தம். சத்தம் இருந்தா நல்லா உறக்கம் வரும். நின்னுதுன்னா எல்லாரும் முழிச்சுப்போம்."

"அதுங்களுக்குக் கஷ்டம் இல்லியா சேட்டா?"

"கஷ்டம்தான். எனக்கும் கஷ்டம்தான். ஆனா நான் லீவு போட்டு ஊருக்குப் போவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "சிமெண்ட் தரையில நிக்க வெச்சா நகமும் பாதமும்தான் முதல்ல போகும். பார்க்கிறவங்க மேலதான் பார்ப்பாங்க. பட்டு, நெத்திப்பட்டம். கீழ யாரு பார்க்குறா?"

அந்த வருஷம் ஜெர்மனியில் ரொன்காலி என்ற சர்க்கஸ், விலங்குகளை விட்டுவிட்டு வெறும் ஒளியிலேயே யானையை உண்டாக்கி வட்டத்துக்குள் நடக்கவிட்ட வீடியோ எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குக் காட்டினேன். யானை தலைகீழாக நிற்கிறது, சுற்றுகிறது, மறைகிறது. இரண்டு தடவை பார்த்தார். "சாணி அள்ள வேண்டாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சின்ன வயசிலிருந்து மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். பேண்டு இல்லாதபோதும் யானை ஏன் ஆடிக்கொண்டிருந்தது? கட்டிப்போட்ட யானைக்கு வருகிற மனநோய் அது என்று அதற்குள் எங்கேயோ படித்திருந்தேன். காட்டில் நாள் முழுக்க நடக்கிற ஜீவன், நடையெல்லாம் உடம்புக்குள்ளேயே திரும்பி இப்படி ஆட்டமாக வெளிவருகிறது என்று மிருக வைத்தியர்கள் சொல்வார்கள். ஆனாலும் கேட்டேன்.

"ஆடுறதா?" என்றார். "நாங்க அதைச் சங்கிலியை அளக்குதுன்னு சொல்லுவோம்."

மணி அடித்தது. மூக்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மீதி ஆட்டத்தில் அவர் கால்சட்டை மூன்று தடவை அவிழ்ந்து விழுந்தது. என் பக்கத்தில் இருந்த குழந்தைகள் மூன்று தடவையும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகும் நான் லட்சுமியிடம் போனேன். மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் தலையைக் குனியச் சொன்னேன். துதிக்கையின் ஈரம் முடியில் பட்டால் மார்க் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்டதுதான். 2022 நடுவில், விலங்கு நல அமைப்பினர் எழுப்பின குரலுக்குப் பிறகு, லட்சுமியைக் கொஞ்ச நாள் குரும்பாப்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையத்து வளாகத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். மண் தரை, மரம், நிழல். கோயில் வாசல் வெறிச்சோடியது. ஊரில் பேசின பேச்சையெல்லாம் கேட்டேன்: பிள்ளையார் தனியாக இருக்கிறார், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இல்லை, கொண்டுவந்து விடுங்கள். நானும் டீக்கடையில் அதையேதான் சொன்னேன். திரும்பி வந்தாள்.

பிரான்சில் ஊர் ஊராகப் போகிற சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளை வைத்து ஆட்டம் போடக் கூடாது, 2028 வரை அவகாசம், என்று சட்டம் கையெழுத்தான தேதி 2021 நவம்பர் 30. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே நவம்பர் 30, புதன்கிழமை காலை, வழக்கமான நடைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கல்வே கல்லூரி அருகே லட்சுமி தெருவிலேயே விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. 32 வயசு. யானைக்கு அது சாகிற வயசே இல்லை.

செய்தி வந்தபோது மகளுக்குக் காலேஜ் கிளம்புகிற நேரம். இரண்டு பேரும் ஸ்கூட்டரை நேரு வீதியில் விட்டுவிட்டு நடந்தோம். அப்படியொரு கூட்டத்தை எந்தத் தலைவருக்கும் இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. பூ விற்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள், ஆசிரமத்து வெள்ளைக்காரர்கள், பர்தா போட்ட அம்மாக்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். துணைநிலை ஆளுநர் தமிழிசை வந்து மாலை வைத்தார். மாலை மேல் மாலையாக விழுந்து உடம்பே தெரியவில்லை, பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் ஒரு அம்மா இடுப்பில் சின்னப் பையன். அவன் லட்சுமியை உயிரோடு பார்த்ததே இல்லை போலிருக்கிறது, "யானை ஏம்மா தூங்குது" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாமிகிட்ட போயிடுச்சுடா. எப்படி இருக்கும் தெரியுமா, நம்மளப் பாத்தா தலையை ஆட்டி ஆட்டி டான்ஸ் ஆடும்" என்றாள்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் லாரி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.